அம்மா வீட்டுக்குப் போறதுக்கு இன்னாத்துக்கு ஊசி?

இப்படிக் கேட்டது என் அக்கா. லண்டனுக்குத் தெற்கே க்ராய்டனில் பதினோரு வருஷமாக இருக்கிறாள். அந்த வருஷம் ஜூலைக் கடைசியில் பள்ளிக்கூடம் விட்டதும் குடும்பத்தோடு குடியாத்தம் வருவதாக ஏற்பாடு. டிக்கெட் போட்டுக் கொடுத்தது நான். காட்பாடியில் டிக்கெட், விசா வேலை பார்க்கும் சின்ன ஆபீஸ் வைத்திருக்கிறேன், அதுதான் பிழைப்பு. அக்கா வீட்டுக்காரரான மாமாவோடு வேலை செய்கிற யாரோ, இந்தியா போவதென்றால் டாக்டரைப் பார்த்து ஊசி போட்டுக்கொண்டு போங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அக்கா போனில் சிரித்தாள். "அம்மா வீட்டுக்குப் போறதுக்கு இன்னாத்துக்குடா ஊசி? அந்தத் தண்ணியக் குடிச்சுத்தான நாம வளந்தோம்?"

நானும் ஆமாம் என்றேன். தினம் பத்துப் பேரை வெளிநாட்டுக்கு ஏற்றி அனுப்புகிறவன் நான். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

வந்து ஐந்தாம் நாள் ஆடிக்கிருத்திகை. வள்ளிமலைக்குப் போனோம். அக்கா மகள் பாப்பாவுக்கு ஏழு வயசு, லண்டனிலேயே பிறந்தவள். காவடிக் கூட்டத்தை மாமாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தாள். மலை இறங்கியதும் எல்லாரும் நன்னாரி சர்பத் குடித்தோம். ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றி, கட்டையால் அடித்து உடைத்துப் போட்டுக் கொடுத்தார்கள். பாப்பா இரண்டாவது கிளாஸ் கேட்டாள். வாங்கிக் கொடுத்தது நான். அந்த சர்பத்தால்தான் வந்தது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. டைபாய்டு கிருமி உள்ளே போனதும் காய்ச்சல் வந்துவிடாது; ஒரு வாரம், இரண்டு வாரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். அதற்குள் அவள் எங்கெங்கோ சாப்பிட்டிருந்தாள், எங்கெங்கோ தண்ணீர் குடித்திருந்தாள்.

பதினேழாம் நாள் சாயங்காலம் உடம்பு சுட்டது. ஆடி மாசம், காய்ச்சல், அம்மாவுக்கு வேறு என்ன தோன்றும்? "அம்மனா இருக்கும், ரெண்டு நாள் பொறுங்க" என்று வேப்பிலைக் கொத்தைத் தலைமாட்டில் வைத்தாள். உடம்பில் ஒரு பொட்டுக்கூட வரவில்லை. காய்ச்சல் மட்டும் ஒவ்வொரு சாயங்காலமும் முந்தின நாளைவிடக் கொஞ்சம் மேலே போனது. 101, 102, நான்காம் நாள் 103.4. நாக்கின் நடுவில் வெள்ளையாகப் படிந்திருந்தது, ஓரம் மட்டும் சிவப்பு. வெளியே அனல் அடிக்கிறது, இவள் "மாமா, ஃபேன் வேணாம், குளிருது" என்கிறாள். அவளுக்குப் பிடித்த நெய் தோசையைக் கிண்ணத்தில் பிட்டுப் போட்டுக்கொண்டு அம்மா வாசலுக்கும் கட்டிலுக்கும் நடந்தாள். ஒரு வாய் இறங்கவில்லை.

முதலில் போன கிளினிக்கில் டைபாய்டுக்கான வைடால் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். ஒன்றும் இல்லை, வைரல் காய்ச்சல்தான் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். காய்ச்சல் வந்த புதிதில் வைடால் சரியாகக் காட்டாது. காட்டினாலும் முழுசாக நம்ப முடியாது. ரத்தத்தைக் கல்ச்சர் வைத்து, அதாவது அதிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்த்தால்தான் ஓரளவு உறுதி. இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. மூன்று நாள் அங்கே வீணாகி, வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சின்னக் கையில் நரம்பு கிடைக்காமல் மூன்று முறை குத்தினார்கள். இரண்டாம் நாள் கல்ச்சர் முடிவு வந்தது: சால்மொனெல்லா டைஃபி, டைபாய்டு கிருமி.

சிகிச்சை கொடுத்த டாக்டர் அம்மா அதட்டிப் பேசுகிறவர் இல்லை. அட்டையில் எழுதிக்கொண்டே கேட்டார்: "கிளம்பறதுக்கு முன்னாடி டைபாய்டு ஊசி போட்டீங்களா?" அக்கா தலையாட்டினாள், இல்லை என்று. "அங்க உங்களுக்கு இலவசந்தானேம்மா?" என்றார் அவர். நிஜம்தான். இங்கிலாந்தில் டைபாய்டுக்கும், மஞ்சள் காமாலை ஏ வகைக்கும், குடும்ப டாக்டரிடம் பயண ஊசி காசில்லாமல் போடுகிறார்கள். அக்கா என்னைப் பார்த்தாள். நான் சலைன் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நரம்பு வழியாக மருந்து ஏற ஆரம்பித்தும் காய்ச்சல் உடனே விடவில்லை. நான்கு நாள், ஐந்து நாள் அப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். இருந்தும் ஒவ்வொரு ராத்திரியும் மருந்து கேட்கவில்லையோ என்று பயம். ஒரு காலத்தில் டைபாய்டுக்குச் சாதாரணமாகக் கொடுத்த சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரைக்கு நம் நாட்டுக் கிருமி பெரும்பாலும் அடங்குவதில்லை. அதனால்தான் ஊசி மருந்து, ஆஸ்பத்திரி வாசம். திரும்பும் டிக்கெட்டைத் தள்ளிப்போட்டேன். பாப்பா எழுந்து உட்கார்ந்தபோது ஃப்ராக்கின் தோள்பட்டை கைக்கு இறங்கி வழிந்தது.

அக்கா சொன்ன அந்த வாக்கியத்தைப் பற்றி அதற்குப் பிறகு நிறைய யோசித்தேன். கேள்வி நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் உடம்பின் கணக்கு வேறு. மஞ்சள் காமாலை ஏ வகை நம் ஊரில் சின்ன வயதில் பலருக்கும் வெளியே தெரியாமலே வந்து போயிருக்கும். ஒருமுறை வந்தால் மறுபடி வராது. அக்காவுக்கு அந்தப் பாதுகாப்பு இருந்திருக்கலாம். டைபாய்டு அப்படி இல்லை. வந்தவருக்கே மறுபடி வரும். எட்டு வயதில் குடித்த கிணற்றுத் தண்ணீர் நாற்பது வயதில் காப்பாற்றாது. பாப்பாவோ இந்தத் தண்ணீரை ஒருநாளும் பார்க்காதவள். அக்கா தன் உடம்பை நினைத்து மகளின் உடம்புக்கும் சேர்த்து முடிவு செய்துவிட்டாள். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வருகிற டைபாய்டில் பெரும்பகுதி வெளிநாட்டுப் பயணத்தில் பிடித்தது. அதிலும் இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசத்துக்குச் சொந்தபந்தத்தைப் பார்க்கப் போய் வந்தவர்கள்தான் அதிகம். முதுகில் பை மாட்டிக்கொண்டு ஊர் சுற்ற வரும் வெள்ளைக்காரப் பையன் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் வருகிறான். பாட்டி வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பதில்லை. பாட்டி வீட்டில் அவர்கள் அதிக நாள் தங்குகிறார்கள். வீட்டுக் குழாய்த் தண்ணீரைக் குடிக்கிறார்கள், தெரு நாய்க்குட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்கிறார்கள்.

நாய்க்குட்டி என்று சும்மா சொல்லவில்லை. வெளிநாட்டில் வளர்ந்த குழந்தைக்கு நாய் என்றால் தடவிக் கொடுக்கிற பிராணி. இங்கே வெறிநாய்க்கடி நோய் வந்துவிட்டால் பிழைப்பது அபூர்வத்திலும் அபூர்வம். கடிபடும் முன்பே ஒரு வார இடைவெளியில் இரண்டு ஊசி போட்டு வைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் சொல்லியிருக்கிறது. அப்படிப் போட்டிருந்தாலும் கடித்த பிறகு உடனே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடத்தான் வேண்டும். ஆனால் சிகிச்சை சுலபமாகிவிடும், கிடைக்கச் சிரமமான சீரம் தேவைப்படாது.

இனி என் ஆபீஸ் கதை. டிக்கெட் போட வருகிறவரிடம் பாஸ்போர்ட் ஆறு மாசம் செல்லுமா என்று கேட்பேன். விசா, திரும்பும் டிக்கெட், லக்கேஜ், எல்லாம் கேட்பேன். ஊசி என்ற பேச்சு அதுவரை வந்தது இரண்டே இடத்தில்: ஆப்பிரிக்கா போகிறவர், மக்கா போகிறவர். ஏனென்றால் அங்கேதான் கவுண்டரில் கேட்பார்கள்.

அதிலேயே நான் தவறியிருக்கிறேன். பேரணாம்பட்டுக்காரர் ஒருவர் உகாண்டாவில் ஒரு கம்பெனிக்கு சூப்பர்வைசராகக் கிளம்பினார். உகாண்டாவுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை கட்டாயம். போனில் கேட்டேன். "அதெல்லாம் போட்டாச்சு சார், மஞ்சளுக்கு மூணு ஊசியும் போட்டாச்சு" என்றார். நான் டிக் அடித்துவிட்டேன். பயணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது அட்டையைக் கொண்டுவரச் சொன்னால், மஞ்சள் காமாலை பி வகைக்குப் போட்ட சீட்டைக் காட்டுகிறார். பெயரில் மஞ்சள் இருக்கிறதே தவிர இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது. காமாலை பி ரத்தத்தால் பரவுவது. மஞ்சள் காய்ச்சல் கொசுவால் பரவுவது, ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் இருப்பது. அதற்கான ஊசியைத் தெருமுனை கிளினிக்கில் போட முடியாது. அரசு அங்கீகாரம் பெற்ற மையத்தில்தான் போட வேண்டும். நம் பக்கத்து ஆட்கள் போவது சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு. ஒரு குப்பியில் பல பேருக்கான மருந்து இருக்கும். கலந்துவிட்டால் ஆறு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், மீந்தால் கொட்ட வேண்டும். அதனால் ஆளைச் சேர்த்து, நாள் வைத்துத்தான் போடுவார்கள். போட்டாலும் பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லும். பேரணாம்பட்டுக்காரர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு என் எதிரிலேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பயணம் இரண்டு வாரம் தள்ளியது, டிக்கெட் மாற்றிய காசு போனது. கேட்க வேண்டியதைச் சரியாகக் கேட்காதது என் தப்பு. பாதிக் காசை நான் கொடுத்தேன். அதிலிருந்து வாய்ச்சொல்லை எடுத்துக்கொள்வதில்லை. மஞ்சள் அட்டையைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் டிக்கெட். ஒரு நல்ல விஷயம், 2016 ஜூலையிலிருந்து அந்த அட்டை ஆயுசுக்கும் செல்லும். முன்பெல்லாம் பத்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

எத்தியோப்பியா போகிற தோல் தொழிற்சாலைக்காரர்களுக்கு இன்னொரு சிக்கல். இந்தியாவிலிருந்து நேராகப் போனால் அங்கே கேட்கமாட்டார்கள். திரும்பிச் சென்னையில் இறங்கும்போது நம் ஆட்கள் கேட்பார்கள். அட்டை இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமை. இதைக் கெடுபிடி என்று திட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்தியாவில் மஞ்சள் காய்ச்சல் இதுவரை வந்ததில்லை. ஆனால் அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு, நம் வீட்டுத் தொட்டியில் டெங்குவைப் பரப்புகிற அதே கொசுதான். வேலூரில் டெங்கு வார்டைப் பார்த்த யாருக்கும் அந்தக் கொசுவிடம் இன்னொரு நோயையும் கொடுத்துப் பார்க்க மனசு வராது.

மக்கா போகிறவர்கள் விஷயம் எனக்கு இன்னும் கவலை. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கத்திலிருந்து நிறையப் பேர் போகிறார்கள். ஹஜ் கமிட்டி வழியாகப் போகிறவர்களுக்கு முகாம் நடத்தி மூளை உறைக் காய்ச்சல் ஊசி போட்டு, போலியோ சொட்டும் கொடுத்துவிடுகிறார்கள். உம்ரா என்ற சின்ன மக்கா யாத்திரை அப்படி இல்லை. வருஷம் முழுக்கப் போகலாம், தனியார் ஏஜென்ட் வழியாகப் போகலாம். அங்கேதான் அந்த வார்த்தை காதில் விழுகிறது: "சார், ஊசி வேணாம், அட்டை மட்டும் ரெடி பண்ணுங்க." பண்ணிக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். இது சின்னத் தப்பு இல்லை. பல நாட்டு மக்கள் தோளோடு தோள் உரசி நிற்கும் இடம். 2000, 2001 இரண்டு வருஷமும் ஹஜ் முடிந்து வீடு திரும்பியவர்கள் வழியாக டபிள்யூ-135 என்ற வகை மூளை உறைக் காய்ச்சல் கிருமி பல நாடுகளுக்குப் போனது. ஊரில் இருந்த குடும்பத்தாருக்கும் ஒட்டியது. அதற்குப் பிறகுதான் அந்த வகையையும் சேர்த்து நாலு வகைக் கிருமிக்குப் போடும் ஊசியைச் சவூதி கட்டாயமாக்கியது. 2024 ஏப்ரல், மே மாதங்களில் உம்ரா பயணத்தோடு தொடர்புள்ள 12 பேருக்கு இந்த நோய் வந்ததை அமெரிக்கா, பிரான்ஸ், பிரிட்டன் மூன்று நாடுகளும் கண்டுபிடித்தன. அதில் ஒன்பது பேர் ஊசி போடாதவர்கள். காலையில் தலைவலி, ராத்திரி உயிர் இல்லை என்கிற அளவுக்கு வேகமான நோய் அது.

மேல்விஷாரத்திலிருந்து ஒரு மகனும் அம்மாவும் வந்திருந்தார்கள். அம்மாவுக்கு எழுபதுக்கு மேல். மகன் என்னிடம் குரலைத் தாழ்த்தி, "அம்மாவுக்கு ஊசின்னா பயம், அட்டை மட்டும் ஏற்பாடு பண்ண முடியுமா?" என்றார். நான் வாயைத் திறக்கும் முன் அந்த அம்மா திரும்பினார். "யாருக்குடா பயம்? அல்லாவோட வீட்டுக்குப் பொய்ச் சீட்டு வெச்சுக்கினு போவேனா நானு?" மகன் தலை குனிந்துகொண்டார். "தம்பி, எங்க போடணும்னு சொல்லு" என்று என்னிடம் கேட்டார். பத்து நாள் முன்பே போட்டுவிட வேண்டும் என்று தேதியைத் துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார்.

வேலூர்க்காரர்கள் நாம் இதில் அலட்சியமாக இருக்கக் கூடாது என்று நான் நினைப்பதற்குத் தனிக் காரணம் உண்டு. வெளிநாட்டுப் பயண டாக்டர்கள், இந்தியக் கிராமத்தில் நெடுநாள் தங்கப் போகிறவர்களிடம் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசியைப் பற்றிச் சொல்வார்கள். பெயரில் ஜப்பான் இருந்தாலும், இந்தியாவில் மனிதருக்கு அந்த நோய் வந்திருப்பதை முதலில் கண்டறிந்தது 1955இல், நம் வட ஆற்காடு மாவட்டத்திலிருந்தும் பக்கத்து ஆந்திர கிராமங்களிலிருந்தும் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வந்த நோயாளிகளிடம். நெல் வயல் தண்ணீரில் பெருகும் கொசு. கொக்கிலும் பன்றியிலும் தங்கும் கிருமி. ஒரே நாளில் எல்லாக் குழந்தைக்கும் போலியோ சொட்டு கொடுக்கும் முறையை, நாடு 1995இல் தொடங்குவதற்கு முன்பே, 80களில் இந்த நகரத்தில் செய்து பார்த்தார்கள். குழந்தை வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டாவாக் மருந்தை டெல்லி, புனே, வேலூர் மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளைச் சேர்த்துச் சோதித்தார்கள். அதில் எத்தனை பேர் நம் சந்துகளில் பிறந்த பிள்ளைகள்! நம் தாய்மார்கள் நம்பித் தூக்கிக்கொண்டு போனதால்தான் அந்த மருந்து நாட்டுக்குக் கிடைத்தது. அதே வீட்டில் வளர்ந்தவர்கள்தான் விமானம் ஏறும்போது ஊசி எதற்கு என்று கேட்கிறோம்.

குழந்தைகளுக்கு என்றால் தமிழ்நாட்டில் பத்தில் ஒன்பது பேருக்கு முறையான ஊசிகள் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. கிராம நர்ஸ் அம்மாவின் நோட்டில் பெயர் இருக்கும், வராவிட்டால் வீடு தேடி வருவார். வெளிநாடு போகும் பெரியவருக்கு அந்த நோட்டு இல்லை, தேடி வரும் ஆளும் இல்லை. டைபாய்டு ஊசியும் காமாலை ஏ ஊசியும் அரசின் இலவச அட்டவணையில் இல்லை; காசு கொடுத்துத்தான் போட வேண்டும். நேபாளம், மலாவி, வங்கதேசத்தில் சோதித்துப் பார்த்ததில் புது வகை டைபாய்டு ஊசி ஏறக்குறைய 80 விழுக்காடு தடுத்தது. நூற்றுக்கு நூறு இல்லை, அதனால் தண்ணீரைக் கொதிக்கவைப்பதை விடக் கூடாது. ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒருமுறை உட்கார்ந்தவருக்கு அந்த எண்பதின் மதிப்பு தெரியும்.

அமெரிக்கா படிக்கப் போகும் பிள்ளைகளிடம் யுனிவர்சிட்டி, தட்டம்மை, புட்டாளம்மை (பொன்னுக்கு வீங்கி), ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்.எம்.ஆர். ஊசி இரண்டு டோஸுக்குச் சான்று கேட்கிறது. அப்போதுதான் வீட்டில் பீரோவைத் திறக்கிறார்கள். போன மாசம் ஒரு அம்மா, மகள் பிறந்தபோது ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த அட்டையைக் கொண்டுவந்தார். ரேஷன் கார்டோடு ஒரே பாலிதீன் கவரில் இருபத்திரண்டு வருஷம் இருந்திருக்கிறது. மடிப்பு கிழிந்து, செல்லோடேப் ஒட்டி, அந்த டேப்பும் பழுப்பாகிவிட்டது. ஒன்பதாம் மாசத் தட்டம்மை ஊசிக்கு நேராக நீல மையில் தேதி, கையெழுத்து. இரண்டாம் டோஸுக்கு இடமே அச்சடிக்கவில்லை, ஏனென்றால் அந்த டோஸ் 2010க்குப் பிறகுதான் அட்டவணைக்கு வந்தது. புட்டாளம்மைக்கு எதிரான ஊசி அரசு அட்டவணையில் இன்றும் இல்லை. ஆகவே பெண்ணுக்குப் புதிதாகப் போடத்தான் வேண்டியிருந்தது. இருந்தும் அந்த அட்டையை நான் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தேன்.

இப்போது என் மேஜையில் ஒரு நோட்டு இருக்கிறது. எந்த நாடு, எத்தனை நாள், யார் யார், கடைசியாக எப்போது ஊசி. டிக்கெட் போடும்போதே கேட்டுவிடுகிறேன், பயணத்துக்கு ஒரு மாசம், ஒன்றரை மாசம் முன்பே டாக்டரைப் பாருங்கள் என்கிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள். என்ன ஊசி என்று சொல்வது என் வேலை இல்லை, டாக்டர் வேலை. கேட்கச் சொல்வது என் வேலை.

அக்கா இந்த வருஷம் வரவில்லை, அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறாள். மூன்று மாசம். பாப்பா போனில், "பாட்டி, ஊசி போட்டுட்டு வா, நான் போட்டப்ப அழல" என்றாள். அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, போய் இறங்குவது குளிர் காலத்தில். ஃப்ளூ ஊசி போடச் சொன்னார் டாக்டர்.

நர்ஸ் பொண்ணு அம்மாவின் ரவிக்கைக் கையை மேலே சுருட்டியபோது, மேல்கையில் இரண்டு தழும்பு, பழைய நாலணா அகலத்தில், தோல் மினுமினுத்துக் குழிந்து கிடந்தது. "இது இன்னா பாட்டி?" "அம்மை குத்தினது. குத்தறவன் வர்றான்னா வைக்கப்போருக்குள்ள பூந்துக்குவோம். எங்க பெரியண்ணனுக்கு வாத்துச்சு பாரு, அதுக்கப்புறம் எங்க ஆயாவே புடிச்சு இஸ்துகினு வந்து கையக் காட்ட வெச்சுது." நர்ஸ் தழும்புக்குக் கொஞ்சம் கீழே தொட்டுப் பார்த்து ஊசியைப் போட்டாள். பஞ்சை வைத்து அழுத்திக்கொள்ளச் சொன்னாள்.

"சீட்டு எழுதிக் குடும்மா, லண்டன்ல காட்டணும்."

"அங்க இதெல்லாம் கேக்க மாட்டாங்க பாட்டி."

"கேக்கலன்னாலும் குடு" என்றாள் அம்மா.